கிரவுன் ஆயில் மாற்றுகிறீர்களா? முதலில் மேல் பிளக்கைத் திறந்து பாருங்கள்

காலையில் வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் தூக்கி எஞ்சின் ஆயில் அளவு பார்க்காத பிக்கப் ஓட்டுநர் அரிது. ரேடியேட்டரில் தண்ணீர், டயரில் காற்று, ஊதுபத்தி எல்லாம் முறையாக நடக்கும். ஆனால் பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் போலத் தொங்குகிறதே ஹவுசிங், அதற்குள் ஆயில் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மெக்கானிக்கைத்தான் கை காட்டுவார்கள். அந்த ஹவுசிங்குக்குள்தான் எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அதில் உள்ள பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரம் பினியன். அவை முங்கி ஓடும் ஆயிலைத்தான் கிரவுன் ஆயில் என்கிறோம். அதை அளக்கக் கம்பி கிடையாது, எச்சரிக்க முன்பலகையில் விளக்கும் கிடையாது. சத்தம் வந்த பிறகுதான் அது நினைவுக்கு வருகிறது. சத்தம் வந்துவிட்டால் செலவு ஆயிலோடு முடிவதில்லை. பேரிங், பினியன், கிரவுன் வீல் என்று நீண்டுவிடும்.

எங்கள் குடும்பத்தில் காய்கறி லோடு ஓட்டுகிறோம். பழைய ஆயிலால் கெட்ட கிரவுனைவிட, ஆயில் மாற்றப் போய் முறை தவறியதால் கெட்ட கிரவுனைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கீழே உள்ள வடிகால் பிளக்கை முதலில் கழற்றுவது. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வண்டிக்கே அது நடந்தது. மறுநாள் விடியற்காலை ஒட்டன்சத்திரம் சந்தைக்கு முருங்கைக்காய் ஏற்ற வேண்டும். மாலையில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். பையன் படுத்தபடியே கீழ் பிளக்கைத் திறந்தான். கறுத்த ஆயில் முழுவதும் தட்டில் இறங்கிவிட்டது. பிறகு மேலே உள்ள நிரப்பும் பிளக்கில் ஸ்பேனரைப் போட்டால், அது அசையவே இல்லை. பல வருடம் யாரும் தொடாத பிளக். துரு ஏறி, சதுரத் தலையின் விளிம்புகள் ஏற்கெனவே மழுங்கியிருந்தன. பைப் ரிஞ்ச் போட்டார்கள், உளியால் தட்டினார்கள். மிச்சமிருந்த விளிம்பும் போனது. உள்ளே ஒரு சொட்டு ஆயில் இல்லை, ஊற்றவும் வழி இல்லை, வண்டியை இன்னொரு பட்டறைக்கு ஓட்டிப் போகவும் முடியாது. கடைசியில் மறுநாள் வெல்டரை அழைத்து, பிளக்கின் தலையில் ஒரு நட்டை வெல்ட் செய்து திருகி எடுத்தோம். முருங்கைக்காய் வாடகை வண்டியில் போனது.

ஆகவே மேல் பிளக்கைத் திறந்து, அது கையோடு வந்த பிறகுதான் கீழ் பிளக்கைத் தொட வேண்டும். மேல் பிளக் வரவில்லை என்றால் அன்றைக்கு வேலையை அதோடு நிறுத்திவிடலாம். பழைய ஆயிலாவது உள்ளே இருக்கும், வண்டி ஓடும். முதல் நாள் இரவே பிளக்கைச் சுற்றிக் கம்பி பிரஷ்ஷால் மண்ணைத் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் பாதி வேலை குறையும். பிளக்கின் தலை சில வண்டிகளில் வெளியே நீட்டிய சதுரமாகவும், சிலவற்றில் உள்ளே குழிந்த சதுரமாகவும், சிலவற்றில் அறுகோணமாகவும் இருக்கும். எதுவானாலும் அதற்கென்றே உள்ள கருவியைத்தான் போட வேண்டும். ஏறக்குறையப் பொருந்துகிற ஸ்பேனர்தான் விளிம்பை மழுக்குகிறது.

அடுத்தது உயிரோடு விளையாடும் தவறு. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு, கைப்பிரேக் போட்டிருக்கிறோம், கியரில் விட்டிருக்கிறோம் என்ற நம்பிக்கையில் அடியில் படுப்பது. கைப்பிரேக் பெரும்பாலான பிக்கப்புகளில் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. இரண்டு பின் சக்கரமும் அந்தரத்தில் இருந்தால் தரையில் நிற்பவை முன் சக்கரங்கள் மட்டுமே. அவற்றைப் பிடிக்க எதுவும் இல்லை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கியரில் விட்டாலும் பாதுகாப்பில்லை. இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றலாம் என்பதற்காகத்தானே டிஃபரன்ஷியலே இருக்கிறது! தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுதிசையில் உருண்டு, வண்டி நகர்ந்துவிடும். முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுங்கள்.

பெரும்பாலான பிக்கப்புகளில் தூக்கவே தேவையில்லை. தரைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் ஆள் நுழைய இடம் இருக்கும். பள்ளம் உள்ள சர்வீஸ் நிலையம் கிடைத்தால் இன்னும் நல்லது. நான்கு சக்கரமும் சமதளத்தில் நிற்பதுதான் அளவு பார்ப்பதற்கும் சரியான நிலை. பின்புறம் மட்டும் தூக்கி நின்றால் ஹவுசிங்கின் சாய்வு மாறி, அளவு பொய் சொல்லும்.

அளவு என்றதும் இன்னொரு பழக்கம் நினைவுக்கு வருகிறது. மேல் துளையில் விரலை விட்டு, நுனியில் ஈரம் பட்டால் "ஆயில் இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். விரல் எவ்வளவு ஆழம் போனது என்பதை யாரும் பார்ப்பதில்லை. வண்டியின் கையேடு வேறு அளவு சொல்லாதவரை, ஆயில் துளையின் கீழ் விளிம்பைத் தொட்டபடி நிற்க வேண்டும். ஒன்றிரண்டு செண்டிமீட்டர் குறைந்தால் என்ன என்று கேட்கலாம். கிரவுன் வீல் ஆயிலில் முங்கிச் சுற்றி, அதை அள்ளி முன்னால் வீசுகிறது. பினியனின் முன் பேரிங் அந்த வீச்சை நம்பித்தான் இருக்கிறது. மட்டம் இறங்கினால் முதலில் காய்வது அந்தப் பேரிங்தான். அது தேய்ந்து பினியன் ஆட ஆரம்பித்தால் பல் பொருந்தும் இடம் மாறும், ஊளைச் சத்தம் வரும், பிறகு பல்லே போகும்.

அதிகமாக ஊற்றுவதும் நல்லதல்ல. கொஞ்சம் கூடவே இருக்கட்டும் என்று வண்டியைச் சாய்வாக நிறுத்தி ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நிறைந்த ஆயில் கடைந்த மோர் போல நுரைக்கும். நுரைக்குப் பல்லைக் காக்கும் வலு இல்லை. சூடேறி விரியும்போது, ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் வழியாகவும் வெளியேறும். இந்த வகை வண்டிகள் பொதுவாக ஒன்றரை முதல் மூன்று லிட்டர் வரை குடிக்கும். வாங்கி வந்த டப்பா காலியானதை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள். துளையில் வழியும் வரை ஊற்றி, ஐந்து பத்து நிமிடம் காத்திருந்து, மீண்டும் ஊற்றிப் பாருங்கள். முதலில் ஊற்றிய ஆயில் ஆக்சில் குழாய்களுக்குள்ளும் பேரிங்குகளுக்குள்ளும் இறங்கி மட்டம் குறைந்திருக்கும்.

எந்த ஆயில் என்பதில்தான் அதிகக் குழப்பம். கடையில் போய் "90 ஆயில் கொடுங்கள்" என்கிறோம். 90 என்பது கனத்தை மட்டும் சொல்லும் எண். அதுவும் எஞ்சின் ஆயிலின் 40 எண்ணோடு ஒப்பிடக் கூடாத எண். கியர் ஆயிலின் அளவுகோல் தனி. 90 எண் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எண் எஞ்சின் ஆயிலின் கனம்தான். பார்க்க வேண்டியது டப்பாவில் ஜி.எல்.-4, ஜி.எல்.-5 என்று போட்டிருக்கும் தரக் குறியீட்டை. பின் ஆக்சிலில் இருப்பது ஹைபாய்டு வகைப் பல். பினியன் கிரவுன் வீலின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே அமைந்திருக்கும். அதனால் பல்லோடு பல் உருள்வதோடு நிற்காமல் தேய்த்து வழுக்கிக்கொண்டும் போகிறது. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிதுங்கி வெளியேறிவிடும். அங்கே நிற்பது கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம். சூட்டிலும் அழுத்தத்திலும் அது எஃகோடு வினைபுரிந்து ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கும். கியர் ஆயிலின் அந்தக் காட்டமான வாசனைக்கும் கந்தகமே காரணம். இந்தச் சேர்மானம் போதிய அளவு உள்ளதுதான் ஜி.எல்.-5.

கியர்பாக்ஸின் கதை வேறு. அதில் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் உண்டு. தயாரிப்பாளர் அனுமதிக்காத கியர்பாக்ஸில் ஜி.எல்.-5 ஊற்றினால் அந்த வளையங்கள் கெடலாம். அதனால் பல கியர்பாக்ஸுகளுக்கு ஜி.எல்.-4 கேட்பார்கள். ஒரே பீப்பாயிலிருந்து கியர்பாக்ஸுக்கும் கிரவுனுக்கும் ஊற்றும் பட்டறை, கையேடு இரண்டுக்கும் ஒரே ஆயிலைச் சொல்லியிருந்தால் ஒழிய, ஏதோ ஒன்றுக்குத் தீங்கு செய்கிறது. டப்பாவைக் கேட்டு வாங்கி, அந்தக் குறியீட்டைக் கண்ணால் பார்த்த பிறகு ஊற்றச் சொல்லுங்கள். பின் ஆக்சிலில் லிமிடெட் ஸ்லிப் அமைப்பு (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துவது) உள்ள வண்டி என்றால், அதற்கெனத் தனிச் சேர்மானம் தேவையா என்பதையும் கையேட்டில் பார்க்க வேண்டும்.

ஊளைச் சத்தத்தை அடக்க இன்னும் கனமான 140 எண் ஆயில் ஊற்றுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். கையேடு 140 எண் சொன்னால் தாராளமாக ஊற்றலாம். 80டபிள்யூ-90 கேட்கும் வண்டியில் சத்தத்தை மறைக்க ஊற்றினால், சில வாரம் அமைதியாக இருக்கும். தேய்மானம் உள்ளே தொடர்ந்துகொண்டே இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சத்தமும், காலை எடுக்கும்போது வேறு சத்தமும் வந்தால் பல்லில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டிலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

யாரும் பேசாத ஒரு சிறு உறுப்பு உண்டு. ஹவுசிங்கின் மேல்புறத்தில் விரல் நுனி அளவில் ஒரு மூடியோ, சிறு ரப்பர் குழாயோ இருக்கும். அதுதான் பிரீதர், ஆக்சிலின் மூச்சுத் துளை. மேட்டுப்பாளையத்துக்கு ஊட்டி மலையிலிருந்து கேரட் மூட்டைகளோடு இறங்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள். ஹவுசிங் கொதிக்கிறது, உள்ளே காற்று விரிகிறது. அது வெளியேற வேண்டிய வழி இதுதான். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து இதை அடைத்துவிட்டால், காற்று ஆயிலைச் சீல் வழியாகப் பிதுக்கித் தள்ளும். மெக்கானிக் சீல் போய்விட்டது என்று புது சீல் போடுவார். இரண்டு மாதத்தில் அதுவும் கசியும். சக்கரப் பக்கத்து சீல் கசிந்தால் ஆயில் பிரேக் டிரம்முக்குள் போய் லைனிங்கை நனைக்கும். லோடோடு இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போவது அப்படித்தான். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக ஈரக்கோடு தெரிந்தால் அன்றே டிரம்மைத் திறக்க வேண்டும்.

பினியன் சீல் மாற்றும்போது இன்னொரு கவனம். முன்னால் உள்ள பெரிய நட்டு, பேரிங்கின் இறுக்கத்தையும் சேர்த்து நிர்ணயிக்கிறது. பல வண்டிகளில் அதற்குள்ளே நசுங்கி அமரும் குழல் ஒன்று இருக்கும். பலம் இருக்கிறதே என்று இறுக்கினால் பேரிங் நெரிந்துவிடும். இதைக் கையேட்டின் அளவு தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

வடிந்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். பல வண்டிகளில் வடிகால் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறத்தில் மை போன்ற பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் தேய்த்தால் வழவழப்பாகக் கரையும். நறநறவென்று துகள் தட்டுப்பட்டாலோ, நகம் போன்ற சில்லு இருந்தாலோ, புது ஆயில் ஊற்றி அனுப்புவது ஏமாற்று வேலை. கவரைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. வெள்ளத்தில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது நேரும். சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆக்சில் முங்கும் ஆழத்தில் போய் வந்தால், போன மாதம் மாற்றிய ஆயிலாக இருந்தாலும் திறந்து பாருங்கள்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவும் வழக்கமும் வேண்டாம். ஆக்சில் குழாய்களில் தங்கும் மிச்சம் புது ஆயிலை நீர்க்கச் செய்யும். பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கு தானாகவே இறங்கிவிடும். கவர் கழற்றும் வகை ஆக்சிலில் கேஸ்கெட் பசையைக் கோலம் போட்டதுபோல மெல்லிய ஒரே கோடாக இடுங்கள். அதிகமானால் உள்பக்கம் பிதுங்கி, பிய்ந்து ஆயிலில் சுற்றும். பசை காயக் கொடுத்த நேரம் முடியும் முன் ஆயில் ஊற்றவும் கூடாது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதைக் கையேட்டில் பாருங்கள். ஆனால் கையேட்டிலேயே கடும் பயன்பாட்டுக்குத் தனி அட்டவணை இருந்தால், மலைப்பாதை, முழு லோடு, மண் சாலை என்று ஓடும் நம் வண்டிகளுக்குப் பொருந்துவது அதுதான். புது வண்டியாக இருந்தாலோ, கிரவுன் பினியன் புதிதாகப் போட்டிருந்தாலோ முதல் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று படியும்போதுதான் இரும்புத் தூள் அதிகம் உதிரும்.

பழைய ஆயிலைக் கறையான் மருந்தென்று மரத்தில் பூசுவதும், பட்டறைக்குப் பின்னால் மண்ணில் ஊற்றுவதும் ஊரெங்கும் நடக்கிறது. அந்த மண்ணுக்குக் கீழேதான் நம் கிணற்று நீர் இருக்கிறது. டப்பாவில் பிடித்து, பழைய ஆயில் எடுக்க அங்கீகாரம் உள்ளவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு பிளக்கையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போட்டு, புரி கெடாத அளவுக்கு இறுக்குங்கள். மறுநாள் முதல் லோடு இறக்கியதும் குனிந்து ஒருமுறை பாருங்கள். துடைத்த இடம் காய்ந்திருந்தால் வண்டியைக் கிளப்பலாம்.