உமியைத் தவிடு என்று எழுதலாமா?

செங்குன்றத்து அரிசி ஆலைகளில் நெல்லை அரைக்கும்போது உமி ஒரு பக்கமும் தவிடு இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து கொட்டுகின்றன. உமி எரிபொருளாகிறது. தவிடு தீவனத்துக்கும் எண்ணெய் எடுக்கவும் போகிறது. ஆலைக்காரர்களோ மாதவரத்தில் மாடு வளர்ப்பவர்களோ இவற்றை மாற்றிச் சொல்வதில்லை. எழுதுகிறவர்கள்தான் குழப்புகிறார்கள்.

உமி என்பது நெல்லை மூடியிருக்கும் சொரசொரப்பான மேலோடு. நெல்லின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதுதான். அதில் சிலிக்கா மிகுதி. அதனால் மாட்டுக்குச் செரிக்காது. உமியை நீக்கியபின் அரிசியின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தைத் தீட்டி எடுத்தால் கிடைப்பது தவிடு. புரதமும் எண்ணெயும் அதில் செறிந்திருக்கின்றன. கதையில் ஒருவர் பசுவுக்கு ஆசையாக உமி கரைத்து வைத்தால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே நின்றுவிடுவார். சமையலுக்கு வாங்குவதும் தவிட்டு எண்ணெய்தான், உமி எண்ணெய் அல்ல. பல் துலக்கியதோ உமிக்கரியால். அங்கே தவிட்டுக்கு வேலையில்லை.

பதரை உமி என்று எழுதுவது இதைவிடப் பெரிய பிழை. பதர் தோலே அல்ல. பால் பிடிக்காமல், உள்ளே அரிசி இல்லாமல் போன முழு நெல் அது. பயனற்ற சொல்லைப் பாராட்டுபவனை வள்ளுவர் ‘மக்கட் பதடி’ என்கிறார். பதடி என்றால் பதர். அதற்கு உமி என்று உரை சொன்னால் குறளின் சூடு தணிந்துவிடும். உமி ஒரு காலத்தில் அரிசியைக் காத்தது. பதருக்குள் அரிசி விளையவே இல்லை.

அகராதியில் ‘ஹஸ்க்’ என்பதற்கு உமி என்று கண்டதும் எல்லா விதைக்கும் அதையே ஒட்டுவது இப்போது பெருகிவிட்டது. ‘தேங்காய் உமி’ என்றுகூட எழுதுகிறார்கள், படிக்கவே வருத்தமாக இருக்கிறது. தேங்காய்க்கு வெளியே மட்டை, உள்ளே கொட்டாங்குச்சி. உளுந்துக்கும் துவரைக்கும் உடைக்கும்போது கழிவது பொட்டு; தீவனக் கடையில் உளுந்தம்பொட்டு என்று கேட்டால்தான் கிடைக்கும். நிலக்கடலைக்கு ஓடு வேறு, பருப்பின் மேலுள்ள சிவப்புத் தோல் வேறு. மருந்துக் கடையில் விற்கும் இசப்கோலும் விதையின் மேல்தோல்தான். அதை இசப்கோல் தோல் என்பதே பொருந்தும்.

மாணவர்களுக்கு எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாடநூல் சொல்லும் விதையுறை உமி ஆகாது. உமி, நெற்பூவை மூடியிருந்த செதில்களிலிருந்து வந்தது. நெல்லின் உண்மையான விதையுறை, தவிடாக உதிரும் அந்த மெல்லிய படலத்துக்குள் அடங்கியிருக்கிறது.