ஹயேன் மலையில் சாலை சைக்கிள்: ஆலிவ் தோப்பும் அணையுமாக முதல் பாதையை வரைவது எப்படி

தெற்கு ஸ்பெயினின் ஹயேன் மாகாணத்தில் ஆறு கோடிக்கும் மேல் ஆலிவ் மரங்கள் நிற்கின்றன. அந்தத் தோப்புகள் முடிகிற இடத்தில் காசோர்லா, செகுரா, லாஸ் வீயாஸ் மலைகள் எழும்புகின்றன. மூன்றும் சேர்ந்த இயற்கைப் பூங்கா 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஸ்பெயினின் மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி இதுதான். நடுவில் குவாதல்கிவிர் ஆற்றின் மேல் டிராங்கோ நீர்த்தேக்கம். கார் குறைவு, சாலை நல்ல சாலை. ஆனால் இங்கே முதல் தடவை வருபவர்களைக் காலை வாருவது ஏற்றம் அல்ல, வீட்டில் உட்கார்ந்து வரைபடச் செயலியில் வரைந்துகொண்டு வந்த பாதைக் கோடு. அதனால் இந்தக் குறிப்பில் பாதி அந்தக் கோட்டைப் பற்றித்தான். பஞ்சர் ஒட்டுவது, கியர் மாற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: தங்கும் ஊர்

பெரும்பாலும் காசோர்லாவில்தான் அறை எடுப்பார்கள். அழகான ஊர், கடைகள் உண்டு. ஸ்பெயினைச் சுற்றும் வுவெல்தா சைக்கிள் பந்தயத்தின் 2024 பதிப்பில் 8ஆம் கட்டம் உபேதாவில் கிளம்பி இங்கேதான் முடிந்தது, ஸ்லோவேனிய வீரர் ரோக்லிச் வென்றார். ஆனால் நீர்த்தேக்கம் மலைக்கு அந்தப் பக்கம். ஏ-319 சாலை லா இருவேலா, புருஞ்செல் ஊர்கள் வழியாக ஏறி, சுமார் 1,290 மீட்டரில் லாஸ் பலோமாஸ் கணவாயைத் தாண்டி, குவாதல்கிவிர் பள்ளத்தாக்கில் இறங்குகிறது. காலையில் போவது சுகம். மாலையில் திரும்ப அதே கணவாயை மறுபக்கத்திலிருந்து ஏற வேண்டும், அதுவும் கால் ஓய்ந்த பிறகு.

முதல் இரண்டு இரவு பள்ளத்தாக்குக்குள் அரோயோ ஃப்ரியோவிலோ கோத்தோ ரியோஸிலோ தங்குங்கள். கணவாயை மூன்றாம் நாளுக்கு வையுங்கள்.

படி 2: எந்த வரிசையில் ஓட்டுவது

முதல் நாள் கோத்தோ ரியோஸிலிருந்து டிராங்கோ அணை வரை போய்த் திரும்புவது. ஒருவழி சுமார் 25 கிமீ. வடக்கே போகும்போது தண்ணீர் வலப்பக்கம் இருக்கும். நடுவே ஒரு தீவில் புஹரைஸா கோட்டையின் இடிபாடு தெரியும். அந்தப் பெயருள்ள ஊர் இந்த நீருக்கடியில்தான் போனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அட்லாண்டிக்கை நோக்கி மேற்கே போகிற குவாதல்கிவிர், இங்கே முதலில் வடகிழக்காக ஓடி, அணைக்குப் பக்கத்தில்தான் திரும்புகிறது. வரைபடத்தில் ஆற்றை வைத்துத் திசை பார்ப்பவர்கள் இதில் குழம்புவார்கள்.

இரண்டாம் நாள் அணையைத் தாண்டி ஓர்னோஸ் வரை. ஊரும் கோட்டையும் பாறை உச்சியில், நீர்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில். கடைசி ஏற்றத்துக்குக் காலில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் கணவாய்.

ஆலிவ் தோப்புகளுக்குள்ளேயே ஓட்ட ஆசையென்றால் கெசாதாவிலிருந்து திஸ்கர் கணவாய்க்கு ஏறி, போஸோ அல்கோன் பக்கம் இறங்குங்கள். அங்கே லா பொலேரா என்ற இன்னொரு நீர்த்தேக்கமும் உண்டு. மொகோனிலிருந்து லாஸ் வீயாஸ் மலை வழியே டிராங்கோவுக்குப் போகும் ஒற்றைச் சாலையைத் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் தார் பெயர்ந்த இடங்கள் அதிகம், வழியில் உதவிக்கு ஆள் கிடைப்பது அரிது.

படி 3: கோடு போடுவது (இங்கேதான் தவறு நடக்கிறது)

சாலை சைக்கிள் என்று தேர்ந்தெடுத்துப் பாதை கேட்டாலும் செயலி உங்களை ஆலிவ் தோப்புக்குள் விட்டுவிடும். காரணம் எளிது. தோப்புகளுக்கு இடையே டிராக்டர் போக ஆயிரக்கணக்கான தடங்கள் உண்டு. இங்கே அவற்றைக் கார்ரில் என்பார்கள். பல கார்ரில்கள் நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற இடத்தில் நல்ல தாராக இருக்கும், ஒன்றிரண்டு கிலோமீட்டர் கழித்து மண்ணாகும். செயலிகள் பயன்படுத்தும் திறந்த வரைபடத்தில் (தன்னார்வலர்கள் வரைந்த ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) அந்த முழு நீளத்துக்கும் ஒரே கோடு, தரைப்பரப்பு என்ன என்ற குறிப்பே இல்லாமல். குறிப்பு இல்லாத கோட்டைச் செயலி தார் என்று எடுத்துக்கொள்கிறது. அது குறுக்குவழி என்பதால் அதையே தேர்ந்தெடுக்கிறது.

சரிபார்க்கும் முறை:

1. பாதையைச் சாலை எண்களாகப் பிரித்து எழுதுங்கள். 'ஏ' எழுத்தில் தொடங்கும் ஆண்டலூசிய மாநிலச் சாலை என்றால் தார் இருக்கும் என்று நம்பலாம். 'என்' என்றால் தேசியச் சாலை, லாரி வரும், என்-322 அப்படிப்பட்டது. எண்ணே இல்லாத துண்டுகளை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

2. அந்தத் துண்டுகளை ஸ்பெயின் தேசியப் புவியியல் நிறுவனத்தின் இபெர்பிக்ஸ் தளத்தில் வான்படத்தில் பாருங்கள். தார் சாம்பல் நிறம், இரண்டு ஓரமும் வெட்டினாற்போல் நேராக இருக்கும். மண் தடம் தோப்பின் நிறத்திலேயே வெளிறிக் கிடக்கும், ஓரம் மரத்துக்கு மரம் நெளியும். துண்டின் இரு முனைகளை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். மோசம் எப்போதும் நடுவில்தான்.

3. சந்தேகம் தீராவிட்டால் அந்தத் துண்டை வெட்டிவிடுங்கள். 6 கிமீ சுற்றினாலும் சரி.

மற்றவர்கள் ஓட்டிய தடங்களைக் காட்டும் வெப்பப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம். மலைச் சைக்கிள்காரர்கள் போன மண் தடமும் அதில் பளிச்சென்றுதான் தெரியும். 2022இல் தொடங்கிய ஹயேன் கிளாசிக் பந்தயம் வேண்டுமென்றே இத்தகைய மண் தடங்களில் ஓடுகிறது. 2023இல் ஸ்லோவேனிய வீரர் பொகச்சார் வென்றார். அவர்களுக்குப் பின்னால் மாற்றுச் சக்கரத்தோடு கார் வரும். உங்களுக்கு வராது.

கோடு வரைய எனக்குப் பிடித்த செயலி ரைட் வித் ஜி.பி.எஸ். பாதை எந்த வழியாகப் போக வேண்டும் என்று குறிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நெருக்கமாக வைத்துச் சாலையோடு ஒட்டவைக்க முடிகிறது. கோமூட் என்ற இன்னொரு செயலியில் தரைப்பரப்பு அட்டவணை நன்றாக இருக்கும். அதில் 'தெரியாது' என்று வரும் கிலோமீட்டரை மண் என்றே கணக்கிடுங்கள்.

படி 4: ஏற்றக் கணக்கை நம்பலாமா

நீர்த்தேக்க ஓரச் சாலை வரைபடத்தில் சமதளம் போலத் தெரியும். உண்மையில் ஒவ்வோர் ஓடை வாயிலும் சாலை உள்ளே வளைந்து இறங்கி, மறுபடி ஏறி வெளியே வரும். 20 மீட்டர் வீதம் 15 ஓடை என்றால் 300 மீட்டர் ஏற்றம், ஒரு கணவாய்கூட இல்லாமல். குறுகிய ஏற்றங்கள் என்பதால் எழுந்து நின்று மிதிக்கத் தோன்றும்; திரும்பும்போது அதற்கான விலை கொடுப்பீர்கள். உட்கார்ந்தே, லேசான கியரில் ஏறுங்கள்.

எதிர்ப் பிழையும் உண்டு. செயலிகளில் பல உயரத்தைச் சுமார் 30 மீட்டர் கட்டங்களாக அளந்த தரவிலிருந்து எடுக்கின்றன. சாலை மலைச் சரிவை வெட்டிப் போகும் இடத்தில், 45 பாகைச் சரிவில், கோடு 20 மீட்டர் பக்கவாட்டில் விலகினால் உயரமும் 20 மீட்டர் தப்பும். அணை, பாலம் மேல் போகும்போது பள்ளத்தின் அடியை எடுத்துக்கொள்ளும். 100 மீட்டருக்குள் 25 சதவீதம் என்று ஊசிபோல் நிற்கும் ஏற்றம் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். இபெர்பிக்ஸிலேயே 1:25,000 வரைபடத்தைத் திறந்து சமஉயரக் கோடுகளை எண்ணுங்கள். ஒரு கோட்டுக்கு 10 மீட்டர். எண்ணிக்கை பொய் சொல்லாது.

படி 5: சைக்கிள்

முன்னே 50/34 பல், பின்னே கேசட்டில் (பற்சக்கரத் தொகுப்பில்) குறைந்தது 11-32 பல். பின்னே 34 பல் இருந்தால் இன்னும் நல்லது. முன் 34-க்குப் பின் 28 வைத்து நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 10.7 கிமீ. அதற்குக் கீழே போனால் முழங்கால்தான் சுமை தாங்கும். 34-க்கு 34 என்றால் அதே மிதிக்கு 8.8 கிமீ. கணவாய் ஏற்றத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் இந்த வித்தியாசத்தோடுதான் வாழப்போகிறீர்கள்.

டயர் 28 மிமீ, இடம் இருந்தால் 30. 25 வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 28 மிமீ ட்யூப்லெஸ்ஸில் 5 பார் காற்றழுத்தம் போதும், ட்யூப் என்றால் 5.5. இரண்டு ட்யூப், ஒட்டுத்துண்டு. பிரேக் பேடை மாற்றிவிட்டே வாருங்கள்.

படி 6: தண்ணீர், சாப்பாடு

பக்கத்தில் அவ்வளவு தண்ணீர் இருந்தும் குடிக்க ஆகாது. பாட்டிலை ஊர்க் குழாயில் நிரப்புங்கள். 'நோ போதாப்லே' என்று பலகை இருந்தால் குடிநீர் இல்லை என்று அர்த்தம். 750 மிலி பாட்டில் இரண்டு. பிற்பகல் 2 முதல் 5 வரை கடைகள் மூடியிருக்கும், ஞாயிறன்று பல கடைகள் திறப்பதே இல்லை. ஊர் பாரில் காலையில் கிடைக்கும் தோஸ்தாதா, அதாவது சுட்ட ரொட்டியில் தக்காளி விழுதும் பிக்குவல் வகை ஆலிவ் எண்ணெயும், ஒரு கணவாய்க்குத் தாங்கும்.

எப்போது போவது

ஏப்ரல், மே, அல்லது செப்டம்பர் கடைசி, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் தோப்புப் பகுதி 40 பாகையைத் தாண்டும். நவம்பர் முதல் அறுவடை. டிரெய்லரிலிருந்து சிந்திய காய்கள் சாலையில் நசுங்கி எண்ணெய்ப் படலமாகும். தோப்பு வாசலில் டிராக்டர் சக்கரம் ஈர மண்ணை அப்பிவிட்டுப் போகும். கறுப்பாகப் பளபளக்கும் வளைவில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள், முன்பிரேக்கைத் தொடாதீர்கள், நிமிர்ந்தபடி மெதுவாகத் திரும்புங்கள். முதல் தூறல்தான் மிக ஆபத்து. நல்ல மழை கழுவிவிடும்.

பிற்சேர்க்கை

அதிகாலை, அந்தியில் பள்ளத்தாக்குச் சாலையில் மான், காட்டுப்பன்றி குறுக்கே வரும். ஒன்று கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று வேகத்தைக் குறையுங்கள்.

ஊருக்கு வெளியே ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். முந்தும் கார் குறைந்தது 1.5 மீட்டர் விட வேண்டும், ஓட்டுநர்கள் பெரும்பாலும் விடுகிறார்கள்.

பள்ளத்தாக்கில் பல இடங்களில் அலைபேசிக்குச் சிக்னல் இல்லை. வரைபடத்தை முந்தின இரவே இறக்கிவையுங்கள். அவசர எண் 112.

வாடகைச் சைக்கிள் எடுப்பவர்கள் பதிவு செய்யும் முன்பே பின் கேசட்டின் பல் எண்ணிக்கையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 'மலைக்கு ஏற்றது' என்று மட்டும் பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். 28 பல்லோடு வந்து நின்றால் அங்கே மாற்றுவது கடினம்.