காருக்குப் போக்குவரத்துச் செய்தி அனுப்புவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் அலுவலகத்தில் இரண்டு புதுப் பையன்கள் சேர்ந்திருக்கிறார்கள். ஒலிபரப்பிலும் மொபைல் நெட்வொர்க்கிலும் வரும் போக்குவரத்துச் செய்திகளை ஒன்றுசேர்த்துக் கார் திரையில் காட்டும் மென்பொருள்தான் எங்கள் வேலை. முதல் வாரமே அவர்களில் ஒருவன், ஏழு வருடம் முன்பு நான் எழுதிய அதே தப்பான வரியை எழுதி வைத்திருந்தான். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆன்டெனா கேபிளைச் செருக மறப்பது, சிம்மில் டேட்டா தீர்வது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை தானே தெரிந்துவிடும்.

கடைசியாக வந்ததைப் புதியது என்று நம்புவது

எந்தக் கார் கேட்கிறது என்று ஒலிபரப்புக்குத் தெரியாது. ஒரு கார் இப்போதுதான் கிளம்பியிருக்கலாம். அதனால் அதே செய்திகளைச் சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டே இருக்கும். மொபைலில் கார் கேட்கும், சர்வர் பதில் சொல்லும்.

ஏழு வருடம் முன்பு, அந்தத் தப்பான வரியோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நோக்கி என் 3 நெடுஞ்சாலையில் சோதனை ஓட்டம். பின் சீட்டில் ஒரு லேப்டாப், ஒலிபரப்பு நிலையம் மாதிரி செய்திகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே அதைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் புதுப்பித்தோம். டவுன் ஹில் ஏற்றத்தில் லாரி ஒன்று படுத்துவிட்டதாக இரண்டு வழியிலும் செய்தி வந்தது. மாரியன்ஹில் டோல் தாண்டியதும் மொபைலில் ரத்து வந்தது. என் மென்பொருளும் செய்தியைச் சுத்தமாக அழித்தது. அரை நிமிடத்தில் லேப்டாப் பழைய செய்தியை மறுபடி விட்டது. பட்டியலில்தான் அப்படி ஒன்று இல்லையே, புதுச் செய்தி என்று சேர்த்துக்கொண்டது. திரையில் சிவப்புக் கோடு வந்தது, போனது, மறுபடி வந்தது.

“அண்ணா, இது கண்ணடிக்குது” என்றான் ஓட்டியவன்.

கேடோ ரிட்ஜ் அருகே கோடு சிவப்பாக இருந்த நேரம் பார்த்து வழிகாட்டி எங்களை ஆர் 103 சாலைக்கு இறக்கிவிட்டது. அந்தப் பக்கம் என் 3 காலியாகக் கிடக்க, நாங்கள் ஒரு கரும்பு லாரியின் பின்னால் ஊர்ந்தோம். வாடிக்கையாளர் தரப்பு ஆளும் காரில்தான் இருந்தார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான்.

இத்தனைக்கும் நாங்கள் வாங்கும் டிபெக் (TPEG என்ற போக்குவரத்துச் செய்தி வடிவம்) செய்தி ஒவ்வொன்றிலும் அடையாள எண், பதிப்பு எண், காலாவதி நேரம் மூன்றும் இருக்கின்றன. வந்த நேரத்தைப் பார்க்காதீர்கள், பதிப்பைப் பாருங்கள். அது ஒரே பைட் என்பதால் 255-க்கு அடுத்தது 0. வெறும் பெரிது சிறிது பார்த்தால் அங்கேயும் அடி விழும். ரத்து வந்தால் செய்தியைத் திரையிலிருந்து எடுங்கள். ஆனால் எண்ணையும் பதிப்பையும் “செத்தது” என்று குறித்து, காலாவதி ஆகும்வரை வைத்திருங்கள்.

திசை பிட்

எஃப்.எம் வானொலியோடு போக்குவரத்துச் செய்தியையும் சேர்த்து அனுப்பும் ஆர்.டி.எஸ்-டி.எம்.சி. பழைய ஏற்பாடு. நொடிக்கு மொத்தமே 1187.5 பிட், அதிலும் நிலையத்தின் பெயர் முதல் எல்லாமே பங்குக்கு வரும். ஆகவே இடத்துக்கு 16 பிட், நிகழ்வுக்கு 11, திசைக்கு ஒன்றே ஒன்று. அந்த ஒரு பிட் வண்டி போகும் திசையைச் சொல்வதில்லை, வரிசை வளரும் திசையைச் சொல்கிறது. டர்பனுக்கு வருகிறவர்கள் தேங்கினால் வரிசை ஜோஹன்னஸ்பர்க் பக்கமாக நீளும். மாற்றிப் படித்தால் எதிர்ப்பக்கம் போகிறவனுக்கு எச்சரிக்கை, மாட்டிக்கொண்டவனுக்கு ஒன்றுமில்லை.

இட அட்டவணை

அந்த 16 பிட் வெறும் எண்தான். எந்த எண் எந்த இடம் என்று சொல்லும் அட்டவணை, அனுப்புகிறவரிடமும் காரிலும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாக் காரும் ஒரே நொடியில் சர்வரைத் தட்டுவது

வேண்டாம். ஆளுக்குச் சில நொடி தள்ளி விடுங்கள்.

செய்தி வராததைப் பச்சையாகக் காட்டுவது

2024 செப்டம்பரில் வான் ரீனன் கணவாய்ப் பக்கம் பனி கொட்டி என் 3 அடைபட்டதே, அந்த மாதிரி இரவை நினைத்துப் பாருங்கள். மலையில் சிக்னல் இல்லை, அதனால் செய்தி இல்லை. செய்தி இல்லாததால் சாலை காலி என்று சொல்லிவிட முடியுமா? புதுப் பையன் அங்கே பச்சை போட்டிருந்தான். சாம்பல் நிறமாக்கச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.