வெளிநாட்டு உதவியை எடைபோடுவது எப்படி?

வெளிநாட்டு உதவி ஏழை நாடுகளுக்கு நன்மையா தீமையா என்ற பேச்சு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம்மவர் கூடும் இடங்களில் எழுந்தால், அது பெரும்பாலும் கொடுப்பவரின் நல்லெண்ணத்தைப் பற்றிய வாதமாகவே முடிகிறது. அதை விட்டுவிட்டு, ஏதேனும் ஒரு திட்டத்தை எடுத்துக்கொண்டு அதன் கணக்கைப் பாருங்கள்.

முதலில், அறிவித்த தொகையில் நன்கொடை எவ்வளவு, கடன் எவ்வளவு என்று பிரித்துக்கொள்ள வேண்டும். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின்போது, தென்னாப்பிரிக்கா நிலக்கரியைக் கைவிடுவதற்கென 850 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. அதில் நன்கொடை ஏறத்தாழ நான்கு விழுக்காடுதான். எஞ்சியதில் பெரும்பகுதி கடன். குறைந்த வட்டிக் கடனால் பயன் உண்டு என்றாலும், நம் நாணயமான ராண்டின் மதிப்பு சரியும்போதெல்லாம் கூடிக்கொண்டே போகும் அந்நியச் செலாவணிக் கடனை உதவி என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அடுத்து, பணம் எந்த நாட்டில் செலவாகிறது என்று பாருங்கள். அமெரிக்க உணவு உதவியில் குறைந்தது பாதியை அமெரிக்கக் கொடியுள்ள கப்பல்களிலேயே ஏற்ற வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: உதவி நாளையே நின்றால் எது நின்றுபோகும்? அமெரிக்கா 2003இல் தொடங்கிய எச்.ஐ.வி. நிவாரணத் திட்டம் நம் நாட்டின் எச்.ஐ.வி. செலவில் ஏறத்தாழ 17 விழுக்காட்டை ஏற்றுவந்தது; மாத்திரைகளைப் பெரும்பாலும் நம் அரசே வரிப்பணத்தில் வாங்கியது. அதனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா நிதியை முடக்கியபோது மாத்திரை நின்றுவிடவில்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவரிடம் பேசித் தைரியம் சொன்ன ஆலோசகரும், மாத்திரை வாங்க வராதவரைத் தேடி வீட்டுக்குப் போன பணியாளரும், கிளினிக் பதிவேட்டைக் கணினியில் ஏற்றியவரும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். அவர்களின் சம்பளம் அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இல்லாமல் தொண்டு நிறுவனங்கள் வழியாக வந்ததால், அந்த இடத்தை உடனே நிரப்ப அரசிடம் ஏற்பாடு இருக்கவில்லை. அந்தத் திட்டம் எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாத்திரைக்குச் செய்ததைப் போல ஆட்களுக்கும் நாமே பொறுப்பேற்காமல் விட்டதுதான் குறை.

பிறகு, கணக்கு யாரிடம் காட்டப்படுகிறது என்று கேளுங்கள். அண்டை நாடான மொசாம்பிக்கில், நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் அரசு உத்தரவாதத்தில் பெருங்கடன் வாங்கியது 2016இல் அம்பலமாகி, நன்கொடை நாடுகள் அரசுக்கு நேரடியாகத் தந்த நிதியை நிறுத்தின. துன்பம் மக்களுக்குத்தான் வந்தது. டர்பன் அமைந்துள்ள நேட்டாலில் நம் முன்னோர் தாமும் பணம் திரட்டி அரசு மானியத்துடன் பள்ளிகள் கட்டியதால், கணக்குக் கேட்கும் உரிமை அவர்கள் கையிலேயே இருந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

கடைசியாக, உதவி முடியும் தேதியைத் தேடுங்கள். 1966இல் விடுதலை பெற்றபோது போட்ஸ்வானா பிரிட்டிஷ் மானியத்தில்தான் அரசை நடத்தியது. சுங்க வருவாயும் வைரமும் கைகொடுக்க, 1970களின் தொடக்கத்திலேயே அது வேண்டாமென்றாயிற்று. உங்கள் கையிலுள்ள திட்டத்தில் அப்படியொரு தேதியும், அதன்பின் சம்பளம் தரப்போகும் அரசுத்துறையின் பெயரும் இல்லையென்றால், உங்கள் பகுதிக்குப் பொறுப்பான நாடாளுமன்ற உறுப்பினரிடம் அவ்விரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.