வெள்ளி வாங்குவது எடைக்காகவா, நாணயத்துக்காகவா?

சௌகார்பேட்டையிலோ தியாகராய நகரிலோ வெள்ளி வாங்கச் செல்பவர்கள், தமக்கு வேண்டியது உலோகத்தின் எடையா, நாணயத்தின் அருமையா என்பதைக் கடைக்குள் நுழையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சேமிப்பே நோக்கமென்றால் 999 தரமுள்ள, அதாவது 99.9 சதவீதம் தூய்மையான, கட்டி போதும். கடைக்காரர் சொல்லும் மொத்தத் தொகையை எடையால் வகுத்து, அன்றைய கிராம் விலையோடு ஒப்பிட்டால், கூடுதலாகக் கொடுப்பது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பத்து கிராம் நாணயங்கள் பத்தை வாங்குவதைவிட நூறு கிராம் கட்டி ஒன்றில் இந்தக் கூடுதல் பெரும்பாலும் குறைவு. லட்சுமி உருவம் பொறித்த புது நாணயத்துக்குக் கொடுத்த செய்கூலியும், 3 சதவீத ஜி.எஸ்.டி.யும் விற்கும்போது திரும்பி வருவதில்லை.

பழைய நாணயங்களில்தான் மிகுந்த கவனம் தேவை. விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம் எடையும் 91.7 சதவீத வெள்ளியும் கொண்டது. அதாவது அதில் ஏறத்தாழ 10.7 கிராம் வெள்ளி இருக்கிறது. ஆனால் 1940 முதல் 1945 வரை ஆண்டு பொறித்த ஆறாம் ஜார்ஜ் ரூபாயில் வெள்ளி பாதிதான் என்பதால், ஆண்டைப் பாராமல் ஒரே விலை கொடுக்கக் கூடாது. வெள்ளி மதிப்புக்கு மேல் கேட்கப்படும் தொகை, அந்த ஆண்டு நாணயத்தின் அருமையையும் தேய்மானத்தையும் பொறுத்தது. அதை மதிப்பிடத் தெரியாதவர்கள் கட்டியோடு நிற்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சேகரிப்பு நாணயத்தைப் புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு கூடும், சேகரிப்பாளர் தரும் விலை குறையும்.

எதை வாங்கினாலும், எடையும் தரமும் குறித்த ரசீதைப் பெற்று, திரும்ப விற்றால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.