சுமையோடு கட்டை மேல் நடக்கும்போது செய்யும் தவறுகள்

தொலைக்காட்சியில் தடை தாண்டும் போட்டி பார்ப்பவர்கள், சுமையோடு ஒடுங்கிய கட்டையில் நடந்தவர் தண்ணீரில் விழுந்ததும் "பலம் போதவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் தவறான தீர்ப்பு. ஜப்பானில் 1997-இல் தொடங்கிய சசுகே போட்டியில் 30, 40, 50 கிலோ சுவர்களை அடுத்தடுத்துத் தூக்கி, அடியில் நுழைந்து போகும் தடை ஒன்று உண்டு. அங்கே கால் தரையில் ஊன்றியிருப்பதால் பலம் கைகொடுக்கும். கட்டையின் மேல் நிற்பவருக்கு, சுமை எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

கணக்குப் போட்டாலே புரியும். 60 கிலோ எடையுள்ளவர் 20 கிலோ மூட்டையை ஒரே தோளில் போடுகிறார். மூட்டை உடலின் நடுக்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது. உடலும் மூட்டையும் சேர்ந்த எடை மையம் 5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஜிம்னாஸ்டிக் கட்டையின் அகலமே 10 சென்டிமீட்டர். அப்படியொரு கட்டையின் நடுவில் நின்றால் மையம் அதன் விளிம்புக்கே போய்விடுகிறது! இடுப்பை எதிர்ப்பக்கம் வளைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும். வளைந்த இடுப்போடு அடுத்த அடி நேராக விழாது. ஆகவே மூட்டையைப் பிடரிக்குப் பின்னால் இரு தோள்களிலும் சமமாகக் கிடத்துங்கள். மார்போடு அணைப்பதும் நடுவில் வைப்பதுதான் என்றாலும், அது காலுக்கு முன்னால் உள்ள கட்டையை மறைத்து, முதுகைப் பின்னோக்கிச் சாய்க்கும். அதனால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

மணல் மூட்டையில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. தூக்கும்போது மணல் ஒரு முனைக்குச் சரிந்து அங்கேயே தங்கிவிடும். ஏறுவதற்கு முன் தரையிலேயே உலுக்கிச் சமப்படுத்திக்கொள்ள ஒரு நொடி போதும்; கடிகாரத்துக்குப் பயந்து அந்த நொடியை மிச்சம் பிடிக்காதீர்கள். இரு கைகளிலும் தொங்கும் சுமையானால், அது ஊஞ்சலாடத் தொடங்குவதுதான் ஆபத்து. கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு சின்னச் சின்ன அடிகளாக எடுத்து வையுங்கள்.

பாதத்தைப் பார்த்தபடி நடப்பது அடுத்த தவறு. தலை குனிந்தால் மேலுடலும் முன்னால் சரியும். கண் கட்டையின் மறுமுனையில் நிலைக்கட்டும். நடுவில் நின்று இளைப்பாறவும் கூடாது: நிற்க நிற்கக் கணுக்கால் நடுங்கும், பிடியும் தளரும். முந்தைய தடையில் காலணி நனைந்திருந்தால் ஏறும் முன் தரையில் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

பயிற்சியில் பளு தூக்குவதைத் தனியாகவும் சமநிலையைத் தனியாகவும் பழகுபவர்கள் ஏராளம். இரண்டையும் சேர்த்தே பழக வேண்டும். முதலில் தரையில் போட்ட கோட்டின் மேல், பிறகு தரையை ஒட்டிய தாழ்ந்த கட்டையில், இலகுவான சுமையோடு நடந்து பாருங்கள்.

கரை தெரிந்ததும் மூட்டையை முன்னால் வீசுவதுதான் எல்லாவற்றிலும் வயிற்றெரிச்சலைத் தருவது. வீசிய வேகம் உடலைப் பின்னால் தள்ளும். எல்லாம் முடிந்த இடத்தில் குதிகால் வழுக்கும். இரண்டு பாதங்களும் மேடையில் ஊன்றிய பிறகு சுமையை இறக்குங்கள்.