பெரிய பனிச்சறுக்குத் தலத்துக்குப் பக்கத்தில் அமைதியான சின்ன ஊர்: தேர்ந்தெடுப்பது எப்படி?

ஐயப்ப பக்தர் சீசனில் கன்னியாகுமரி சன்னதித் தெருவில் ரூம் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுசீந்திரத்திலோ நாகர்கோவிலிலோ தங்கிவிட்டு, விடியுமுன் பஸ் பிடித்துச் சூரிய உதயம் பார்க்க வந்துவிடலாம். பனிச்சறுக்குக்குப் போகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஒரே வித்தியாசம், இரவெல்லாம் பனி கொட்டிய காலையில் அந்த முதல் பஸ் வராமலே போகலாம்.

பெரிய தலத்தின் பக்கத்தில் ஓர் ஊர் அமைதியாக இருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். சறுக்குகிறவர்களை மலைமேல் ஏற்றிவிடும் லிப்ட் இருக்காது, அல்லது சரிவு கடினமாக இருக்கும், அல்லது உயரம் குறைந்து பனி நிற்காது, அல்லது ரோடு அடிக்கடி மூடும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்து, அது உங்களுக்கு இடைஞ்சலா என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. குமரி மாவட்டத்திலிருந்து முதல் தடவையாகக் காஷ்மீருக்கோ இமாச்சலுக்கோ போகிறவர்களுக்கும், ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கோ படிப்புக்கோ போய் ஆல்ப்ஸ் பக்கத்திலேயே இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே இந்த விளக்கம்.

படி 1: பழகும் சரிவு எங்கே இருக்கிறது?

புதிதாகப் படிக்கிறவருக்கு 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை இருந்தும் பயனில்லை. முதல் மூன்று நாள் உங்களுக்குத் தேவைப்படுவது 100, 200 மீட்டர் நீளத்தில் ஒரு மெல்லிய சரிவும், மேலே இழுத்துப் போக ஒரு சின்ன லிப்டும், ஒரு பயிற்சியாளரும்தான். அந்தச் சரிவு எங்கே இருக்கிறது என்று முதலில் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். தூரத்தை அங்கிருந்து அளக்க வேண்டும், தலத்தின் பெயர்ப் பலகையிலிருந்து அல்ல.

பிரான்சில் பாதைகளுக்குப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுப்பார்கள். பச்சைதான் எளிது. ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் பொதுவாக நீலத்தில்தான் தொடங்கும், அதனால் அங்கே பச்சைக் கோட்டைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். காஷ்மீரின் குல்மார்க்கில் பழகும் இடம் கோல்ப் மைதானத்தை ஒட்டிய மெல்லிய சரிவுகள். கம்பியில் தொங்கிப் போகும் கூண்டு வண்டியான கோண்டோலாவின் இரண்டாம் கட்டம், அபர்வத் மலையில் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரம்வரை ஏறும். மேலே பெரும்பாலும் இயந்திரம் வைத்துச் சீர்செய்யாத பனி, பனி பெயர்ந்து மொத்தமாகச் சரியும் அபாயமும் உண்டு. படம் எடுக்கப் போகலாம், சறுக்கிப் பழகப் போகக் கூடாது. கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய நாம், போய்ச் சேர்ந்த முதல் நாளே அவ்வளவு உயரம் ஏறினால் தலைவலியும் குமட்டலும் வரலாம். குல்மார்க் 2,650 மீட்டர். ஒரு ராத்திரி அங்கேயோ அதற்குக் கீழேயோ தங்கிய பிறகு மேலே போவது நல்லது.

படி 2: சுற்றிலும் 15 கிலோமீட்டருக்குள் உள்ள ஊர்ப் பெயர்களை எடுங்கள்

ஓட்டல் புக்கிங் ஆப்பில் தேடினால் பெரிய பெயர்தான் முதலில் வரும். மேப்பைத் திறந்து, பழகும் சரிவிலிருந்து ரோடு வழியாகவோ ரயில் வழியாகவோ கீழே இறங்கிக்கொண்டே வாருங்கள். கிடைப்பவை இப்படி இருக்கும்:

குல்மார்க்கே முழுக்க ஓட்டல்களும் அரசு விடுதிகளும் நிறைந்த ஒரு கிண்ணம், அது ஊர் என்று சொல்லும்படியான ஊர் அல்ல. குடும்பங்கள் வாழ்கிற ஊர்கள் கீழே இருக்கின்றன: கடைத்தெரு உள்ள தங்மார்க், பாபா ரேஷி தர்கா உள்ள பாபரேஷி, குளிரில் உறையும் அருவிக்குப் பெயர்போன துருங். இமாச்சலில் மணாலிக்கும், சறுக்குச் சரிவு உள்ள சோலாங் பள்ளத்தாக்குக்கும் நடுவில் புருவா, பல்சான். பிரான்சில் மூன்று பள்ளத்தாக்கு என்னும் பெரிய சறுக்குத் தலத்துக்குச் செயின்ட் மார்ட்டின் த பெல்வில், பிரீத் லே பேன். அல்ப் துவேஸுக்கு வோஜனி. ஆஸ்திரியாவில் இஷ்கலுக்கு மாத்தோன், கால்ட்டூர். சுவிட்சர்லாந்தில் செர்மாட்டுக்குத் தேஷ்.

உத்தராகண்டின் சறுக்குத் தலமான அவுலிக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜோஷிமட்டில் தங்கி ரோப்வேயில் மேலே போகலாம் என்று பழைய பதிவுகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. 2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் நிலம் அமிழ்ந்து வீடுகள் விரிசல் விட்டபோது அந்த ரோப்வேயை நிறுத்தினார்கள். இப்போது ஓடுகிறது என்று அங்கேயே ஒருவரிடம் உறுதி செய்யாமல், அதை நம்பிக் கீழே ரூம் போடாதீர்கள். ரோடு வழி போவதாகவே கணக்குப் போடுங்கள்.

படி 3: இணைப்பைச் சோதியுங்கள்

இதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள், பனியில் இறங்குவதற்கு முன்பே. கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். காலையில் எப்படிப் போவது, மாலையில் கடைசியாக எப்போது திரும்புவது என்ற இரண்டுக்கும் தெளிவான பதில் வேண்டும்.

ஊரிலேயே லிப்ட் இருந்தால்: நல்லதுதான், ஆனால் மாலையில் ஊருக்கு இறங்கும் பாதை என்ன நிறம் என்று பாருங்கள். சிவப்போ கறுப்போ என்றால் உங்களால் சறுக்கி வர முடியாது. லிப்டிலேயே இறங்க வேண்டும், அதற்குக் கடைசி நேரம் உண்டு. பிரீத் லே பேன் வெறும் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1992 குளிர்கால ஒலிம்பிக்ஸை ஒட்டிக் கட்டிய கோண்டோலாவில் ஏறினால் மூன்று பள்ளத்தாக்கில் உள்ள மெரிபெல் போய்ச் சேர அரை மணி நேரம் வரை ஆகும். ஊர்வரைக்கும் சறுக்கிவரப் பாதை கிடையாது. வாடகை குறைவாக இருப்பதற்கு அதுதான் காரணம். முதல்முறை போகிறவருக்கு அது ஒரு குறையே அல்ல, கடைசிக் கோண்டோலாவை விடாமல் பிடித்தால் போதும். விட்டுவிட்டால் மலை ரோட்டில் டாக்சிதான்.

வோஜனியில் வேறொரு நுணுக்கம். பழகும் சரிவு ஊரில் இல்லை, கோண்டோலாவில் ஏறிப் போகும் மோன்ஃப்ரே என்ற மேட்டில் இருக்கிறது. இப்படிப்பட்ட ஊர்களில் பழகுகிற நாளுக்கும் லிப்ட் டிக்கெட் எடுக்க வேண்டிவரும். பயிற்சிக் கட்டணத்தில் அது சேர்ந்ததா, தனியா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புதியவருக்குப் பொருந்தாத ஊருக்கு உதாரணம் ஆஸ்திரியாவின் ஸ்டூபன். சென்ட் ஆன்டன் என்ற பெரிய தலத்தின் பக்கத்தில், அழகான, அமைதியான ஊர். மேலே உள்ள மலையோ தேர்ந்தவர்களுக்கானது. புதியவர் அங்கே போய் என்ன செய்ய?

ரயில் இருந்தால்: இதைவிட நிம்மதி வேறில்லை. செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார் போக முடியாது. கார்கள் 5 கிலோமீட்டர் கீழே தேஷிலேயே நின்றுவிடும், அங்கிருந்து ரயிலில் 12 நிமிடம். தேஷில் தங்கினால் இந்த 12 நிமிடம்தான் விலை.

பஸ் என்றால்: சீசன் அட்டவணை வேறு, சீசன் முடிந்த அட்டவணை வேறு. எந்தத் தேதிக்கான அட்டவணை என்று பார்த்தே படியுங்கள். நிறுத்தத்துக்கும் தங்குமிடத்துக்கும் உள்ள தூரத்தையும் பாருங்கள். ஸ்கீ பூட்ஸ் கணுக்காலை அசைய விடாது. அதைப் போட்டுக்கொண்டு, தோளில் ஸ்கீ என்ற சறுக்குப் பலகைகளோடு, உறைந்த ரோட்டில் 500 மீட்டர் நடந்தாலே போதும் போதும் என்றாகிவிடும். சரிவுக்குப் பக்கத்திலேயே வாடகைக் கடையில் ஸ்கீயை இரவு வைத்துவிட்டு வர முடிந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

டாக்சி மட்டும்தான் என்றால்: தங்மார்க்கிலிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர் ஏற்றம். பனி விழுந்தால் சக்கரத்தில் செயின் மாட்டிய வண்டியோ நான்கு சக்கர இயக்க ஜீப்போதான் மேலே போகும். ஶ்ரீநகரிலிருந்து நீங்கள் அமர்த்திவந்த கார் தங்மார்க்கிலேயே நிற்கலாம். பெரிய பனிப்பொழிவு நாளில் ரோட்டைச் சுத்தம் செய்யும்வரை யாருமே போக முடியாது. புதுப்பனியில் சறுக்கத் தவம் கிடக்கிற தேர்ந்தவர்களுக்கு இது பேரிழப்பு, அதனால் அவர்கள் மேலேயே காசு கொடுத்துத் தங்குகிறார்கள். பழகுகிறவருக்கு அரை நாள் போகும், அவ்வளவுதான். நான்கு நாள் பயிற்சி என்றால் ஐந்து நாள் தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணாலி பக்கம் பிரச்சினை பனியைவிட வண்டி நெரிசல். 2020இல் 9 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறந்ததிலிருந்து அந்த ரோட்டில் வண்டிகள் அதிகம். பனி விழுந்த சனி, ஞாயிறுகளில் மணாலியிலிருந்து சோலாங் போகும் 13 கிலோமீட்டருக்கு மணிக்கணக்கில் ஆகலாம். பல்சானில் தங்கினால் நெரிசலில் பெரும்பகுதியைத் தாண்டியே இருப்பீர்கள். காலை 10 மணிக்கு மேல் சோலாங் சரிவில் சுற்றுலாக் கூட்டம் இறங்கும், அதற்கு முன் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

படி 4: பனி நிற்குமா?

ஊரின் உயரமும் சரிவின் உயரமும் வேறு வேறு. ஊரில் பனி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழகும் சரிவில் இருக்க வேண்டும். வடக்கு பார்த்த சரிவில் வெயில் படாது, பனி நாள்பட நிற்கும். தெற்கு பார்த்ததில் மதியம் கஞ்சியாகி, இரவில் கண்ணாடிபோல் உறையும். காலையில் அதன்மேல் புதியவர் நிற்கவே முடியாது.

நமக்குப் பொங்கல் விடுமுறை வசதி என்றாலும் இமயமலையில் ஜனவரிப் பனியை இப்போது முழுதாக நம்ப முடியவில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க் புல் தெரியக் கிடந்தது. 2025இல் பனி போதாமல் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளை மார்ச்சுக்குத் தள்ளினார்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் வாரம்வரை பார்ப்பது மேல். ஐரோப்பாவில் பிப்ரவரி பள்ளி விடுமுறை வாரங்களில் சின்ன ஊர்கூட நிரம்பிவிடும். புத்தாண்டுக் கூட்டம் கலைந்த ஜனவரி நடுவாரங்களில் கூட்டமும் விலையும் இறங்கும்.

படி 5: போய்ச் சேரும் வழி

குமரியிலிருந்து ஜம்மு பக்கத்துக் கத்ராவுக்கு வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது, ஏறக்குறைய மூன்று நாள் பயணம். 2025 ஜூனிலிருந்து கத்ரா–ஶ்ரீநகர் வந்தே பாரத் ஓடுவதால் காஷ்மீர்வரை ரயிலிலேயே போகலாம். ஆனால் இவ்வளவு தூரம் ஓடிவரும் வண்டி நேரத்துக்கு வரும் என்று நம்பி அன்றைக்கே அடுத்த டிக்கெட் எடுக்காதீர்கள், கத்ராவில் ஒரு ராத்திரி விடுங்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு எண் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் டாக்சிக்காரரைக்கூட அழைக்க முடியாது. ஐரோப்பா போகிறவர்கள், விசாவுக்கான 30,000 யூரோ காப்பீட்டில் பனிச்சறுக்கு விபத்து அடங்குமா என்று பாலிசியில் படியுங்கள். பல பாலிசிகளில் அது தனி.

படி 6: போனில் கேட்க வேண்டியவை

படத்தில் மர வீடு அழகாகத்தான் இருக்கும். அறையைச் சூடாக்குவது எது என்று கேளுங்கள். காஷ்மீரில் விறகுபோடும் தகர அடுப்பான புகாரி இருக்கலாம், தரைக்கடியில் தீ மூட்டும் ஹமாம் அறை இருக்கலாம், மின்கம்பளம் மட்டும் இருக்கலாம். மின்கம்பளம் மட்டும் என்றால், கரண்ட் போனால் என்ன ஏற்பாடு? கேஸ் ஹீட்டரையோ கரி அடுப்பையோ கதவு, ஜன்னல் சாத்திய அறையில் எரியவிட்டுத் தூங்கக் கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் கொல்லும். குழாய்த் தண்ணீர் உறைந்தால் வெந்நீர் வாளியில் கிடைக்குமா? நனைந்த பூட்ஸையும் கையுறையையும் காயவைக்க இடம் உண்டா? ஈர பூட்ஸ் மறுநாள் காலையில் விறைத்துப்போய்க் கால் நுழையாது.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம், காஷ்மீரிகளும் சோறு உண்கிறவர்கள்தான். நீங்களே சமைப்பதாக இருந்தால் குக்கர் இருக்கிறதா என்று கேளுங்கள். 2,600 மீட்டரில் தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பானையில் அரிசி வேக நெடுநேரம் பிடிக்கும்.

பூட்ஸ் வாடகைக்குக் கடையைக் கேட்கும்போது பாத நீளத்தைச் சென்டிமீட்டரில் சொல்லுங்கள். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனிவரை அளந்தால் போதும். 26 சென்டிமீட்டர் என்றால் பூட்ஸ் அளவும் 26. குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. இறுகி ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்துப்போகும். மெல்லிய, முழங்கால்வரை வரும் ஒரு ஜோடி போதும். ஸ்கீயை நிறுத்திப் பார்த்தால் உங்கள் தாடை அளவு உயரம் இருக்கட்டும், நீளம் கூடினால் திருப்புவது கஷ்டம்.

கடைசியாக முன்பணம். ரோடு மூடி வர முடியாமல் போனால் தேதியை மாற்றித் தருவார்களா, பணத்தைத் திருப்புவார்களா என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, ஒரு ராத்திரி வாடகையை மட்டும் அனுப்புங்கள். மீதியை அறையைப் பார்த்து, குழாயைத் திறந்து பார்த்த பிறகு கொடுக்கலாம்.